சர்ச்சைப் படங்கள் நம்ம டவுனுக்கு ஏன் வருவதில்லை?

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "சர்ச்சையான படம் என்றாலே எங்கள் பக்கத்துத் தியேட்டரில் போட மாட்டேன் என்கிறார்கள். போட்டாலும் இரண்டு நாளில் தூக்கிவிடுகிறார்கள். பத்திரிகை விமர்சகர்களும் யூடியூப்காரர்களும் படம் வருமுன்பே ஒரு பக்கம் சாய்ந்து பேசுகிறார்கள். எல்லாரும் கூடிப் பேசித்தான் இதைச் செய்கிறார்களா?"

இதில் இரண்டு கேள்வி கலந்து கிடக்கிறது. விமர்சகர்கள் சாய்ந்து எழுதுகிறார்களா என்பது ஒன்று. தியேட்டர்காரர் படத்தைத் தூக்குவதும் அதே சாய்வால்தானா என்பது மற்றது. ஆனால் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், உங்கள் மனதில் உள்ளது வேறொன்று என்று படுகிறது. நம்மைப் பற்றிய படத்தை நாம் பார்ப்பதா வேண்டாமா என்று எங்கோ இருக்கிற யாரோ முடிவு செய்கிறார்களே, அது யார்? அதற்குத்தான் பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் மலைநாட்டு டவுன் ஒன்றில் 19 வருஷம் தியேட்டரில் வேலை செய்தவன். ரீல் சுற்றும் பையனாகச் சேர்ந்து, ஆப்பரேட்டராகி, கடைசி 8 வருஷம் கொழும்புக்குப் போய்ப் படம் பேசி எடுத்துவரும் வேலையைப் பார்த்தேன். அப்புறம் ஒரு வார இதழில் சில வருஷம் சினிமா விமர்சனம் எழுதினேன். அதனால் இரண்டு பக்கத்தையும் உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். கொழும்பு மல்டிபிளெக்ஸ்களில் நான் வேலை செய்ததில்லை. நான் சொல்வது ஒற்றைத் திரை உள்ள சின்ன டவுன் தியேட்டர்களைப் பற்றி.

முதலில் என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். 2000களின் நடுப்பகுதி. போர் சம்பந்தப்பட்ட ஒரு படத்தை 7 நாளுக்குப் பேசி எடுத்து வந்திருந்தோம். சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் ஊரில் இருப்பதால் படத்தின் பெயரைச் சொல்லவில்லை. முதல் நாள் மேட்னிக்கு 182 டிக்கட் போனது. மழை நாள், சம்பளம் போடாத கிழமை, அப்படிப்பட்ட நாளுக்கு அது நல்ல கூட்டம். கலரியில் இருந்தவர்கள் படம் முடிந்ததும் எழும்பாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் இரண்டு பேர் முதலாளியின் அறைக்கு வந்தார்கள். சத்தம் போடவில்லை. தேத்தண்ணி கொடுத்தோம், குடித்தார்கள். "படம் நல்லாப் போகுதா முதலாளி?" என்று கேட்டார்கள். போகும்போது ஒருவர் முன்பக்கக் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்து, "இது எவ்வளவு வரும்?" என்று விசாரித்தார். அவ்வளவுதான். பக்கத்து டவுனிலிருந்து பழைய எம்.ஜி.ஆர். படப்பெட்டி ஒன்றை வேனில் வரவழைத்து, அன்று 6.30 காட்சிக்கே அதைப் போட்டோம்.

தினசரிப் பதிவுப் புத்தகத்தில் 'பிரின்ட் பழுது' என்று என் கையால் எழுதினேன். முதலாளி அப்படி எழுதச் சொன்னார், நானும் எழுதினேன். கொழும்பில் விநியோகஸ்தரிடமும் அதையே சொன்னோம். ஐந்து காட்சிக்கு மேல் ஓடாத படம் என்பதால் அவர் தன் கணக்கில் 'வசூல் போதாது' என்று போட்டுக்கொண்டார். மூன்று கிழமை கழித்து ஒரு பத்திரிகையில் கட்டுரை வந்தது. மலையகத்து ரசிகர்களுக்குக் கனமான படம் பார்க்கும் பக்குவம் இன்னும் வரவில்லை, இரண்டே நாளில் தியேட்டர் காலியாகிவிட்டது என்று ஒரு விமர்சகர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அந்த 182 பேரில் பாதிக்கு மேல் எனக்கு முகம் தெரியும். கட்டுரையை வாசித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நீங்கள் கேட்ட 'கூடிப் பேசி'க்கு என் பதில் இதுதான். யாரும் கூடிப் பேசவில்லை. முதலாளிக்குப் பயம். பயத்தை எழுத முடியாது, அதனால் அது பழுது ஆனது. பழுது கொழும்புக்குப் போனபோது நட்டம் ஆனது. நட்டம் பத்திரிகைக்குப் போனபோது நம் சனங்களின் ரசனைக் குறைவு ஆனது. அடுத்த முறை அதே மாதிரிப் படம் கேட்டு நான் போனபோது விநியோகஸ்தர் அந்தக் கட்டுரையை எடுத்துக் காட்டினார். "உங்க பக்கம் இதெல்லாம் ஓடாது தம்பி."

அந்த முதலாளியைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன். 1977, 1981, 1983 என்று மூன்று முறை வன்செயல் மலைநாட்டுக்குள் வந்தது. 1983 ஜூலையில் நாடு முழுக்கத் தமிழர்களின் தியேட்டர்கள் எரிந்தன. ஹெந்தளையில் தமிழ்த் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிந்தது. சிங்களப் படங்களை இயக்கிய தமிழரான கே. வெங்கட் கொல்லப்பட்டார். எங்கள் முதலாளி அந்த நாட்களில் லைசன்ஸ் புத்தகத்தையும் இரண்டு லென்ஸையும் சாக்கில் கட்டிக்கொண்டு இரவோடு இரவாக வீட்டை விட்டுப் போனவர். கண்ணாடியின் விலையை ஒருவர் கேட்டால் அவருக்கு என்ன கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பயமும் பாரபட்சமும் ஒன்றல்ல. வெளியில் இருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரித் தெரியும், படம் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

இதற்கு மேலே அரசின் தடை என்று ஒன்று இருக்கிறது. அது ஊகம் இல்லை, பதிவாகி இருக்கிற விஷயம். பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' படத்தை 2000இல் திரையிட விடாமல் நிறுத்தினார்கள். 2001இல் நம் உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்புக் கொடுத்த பிறகுதான் படம் வெளியே வந்தது. அசோக ஹந்தகமவின் 'அக்ஷரய' தணிக்கைச் சபை வயது வந்தோருக்கு மட்டும் என்று அனுமதித்த படம், 2006இல் அதையும் மேலிருந்து நிறுத்தினார்கள். 2013இல் சஞ்ஜீவ புஷ்பகுமாரவின் படத்தைக் கொழும்பில் ஒரு பிரெஞ்சுத் திரைப்பட விழாவில் காட்டினார்கள், அதோடு தடை வந்தது. விமுக்தி ஜயசுந்தரவின் படம் 2005இல் கான் விழாவில் முதல் படத்துக்கான விருதை வாங்கி வந்தது. இங்கே படைத்தரப்பைச் சேர்ந்தவர்கள் அதைப் பத்திரிகைகளிலேயே தாக்கினார்கள். இவையெல்லாம் சிங்கள இயக்குநர்களின் படங்கள் என்பதைக் கவனியுங்கள். 'தமிழ்ப் படம் என்பதால்தான் தடுக்கிறார்கள்' என்று மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான், ஆட்கள்தான் வேறு. நம் நாட்டுப் போரைப் பற்றிய 'மெட்ராஸ் கஃபே' 2013இல் தமிழ்நாட்டுத் தியேட்டர்களுக்கு வரவில்லை. அதே போரைப் பற்றிய 'இனம்' 2014இல் வெளியாகிச் சில நாளிலேயே விநியோகித்தவர்களே எடுத்துக்கொண்டார்கள். அதே 2014இல், மலைநாட்டு டவுன் ஒன்றில் அடகுக்கடை வைத்திருக்கும் சிங்களவரையும் அவரைக் கலியாணம் செய்யும் தமிழ்ப் பெண்ணையும் பற்றிப் பிரசன்ன விதானகே எடுத்த படம், மிரட்டல் வந்ததால் சென்னையில் நிறுத்தப்பட்டது. இங்கே தமிழருக்குச் சாதகமானவர் என்று திட்டு வாங்கியவர், அங்கே சிங்களவர் என்பதற்காகத் திட்டு வாங்கினார். இத்தனைக்கும், ஊர்வலம் போவோம், கலவரம் வரும் என்று மிரட்டுவதைக் காரணம் காட்டி அனுமதி பெற்ற படத்தை நிறுத்தக் கூடாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது. அந்த வழக்கே 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தைப் பற்றியதுதான். தீர்ப்பு இருக்கிறது. ஆனால் தீர்ப்பு வந்து தியேட்டர் வாசலில் நிற்காது, நிற்பது வாட்ச்மேன் ஒருவர்தான்.

நமக்கு மிகக் கிட்டிய உதாரணம் முத்தையா முரளிதரனைப் பற்றிய '800'. 2020 ஒக்டோபரில் படத்தின் முதல் போஸ்டர் வந்தது. விஜய் சேதுபதி நடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் பெரிய எதிர்ப்பு. சில நாளில் அவர் விலகினார், விலகிக்கொள்ளுங்கள் என்று முரளியே கேட்டுக்கொண்ட பிறகு. படம் வேறு நடிகரோடு 2023 ஒக்டோபரில் வந்தது. எதிர்த்தவர்களின் கோபத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. முரளி போரைப் பற்றிப் பேசியதும் 2019 தேர்தலில் கோத்தாபய ராஜபக்ஷவின் பக்கம் நின்றதும் பலரைக் காயப்படுத்தின, என்னையும்தான். ஆனால் அந்த இரண்டு கிழமையும் வந்த கட்டுரைகளையும் பேட்டிகளையும் நான் ஒன்றுவிடாமல் வாசித்தேன். முரளியின் பாட்டனார் 1920இல் தேயிலைத் தோட்டத்து வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர். ஒரு லயத்துச் சனத்தின் பேரன் டெஸ்ட் கிரிக்கட்டில் உலகத்தில் முதல் ஆளாக 800 விக்கட் எடுத்ததை நாம் எப்படிப் பார்க்கிறோம், பெருமையா கோபமா இரண்டுமா என்று நான் வாசித்த எந்த இடத்திலும் மலையகத்து ஆள் ஒருவரிடம் கேட்கவில்லை. 'ஈழத் தமிழர்' என்ற ஒரே சொல்லுக்குள் நம்மையும் போட்டு மூடிவிட்டார்கள். சாய்வு எங்கே என்று என்னிடம் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். ஆதரித்தவரும் எதிர்த்தவரும் சேர்ந்து ஒரே ஆளைக் கேட்காமல் விட்டார்கள்.

சரி, விமர்சகர்களுக்கு வருகிறேன். இங்கே ஒரு எச்சரிக்கை. நாம் ஒரு பக்கத்தில் ஆழமாக நிற்கும்போது, நடுநிலையாக எழுதியதுகூட நமக்கு எதிராக எழுதியது மாதிரித்தான் தெரியும். 1985இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 1982இல் பெய்ரூட்டில் நடந்த பலஸ்தீன அகதிகள் படுகொலையைப் பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை, அதே துண்டுகளை, இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். இரண்டு தரப்பும் இது நமக்கு எதிரான செய்தி என்றார்கள். அதனால் ஒரு விமர்சனம் உங்களுக்குக் கோபம் மூட்டியது என்பதை மட்டும் வைத்து அதில் சாய்வு இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். நானும் அப்படிப் பல முறை தப்பாகக் கோபப்பட்டிருக்கிறேன்.

உறுதியாக இருக்கும் சாய்வு வேறு வகை. நான் எழுதிய இதழில் சினிமாப் பக்கத்தின் கீழ்ப் பாதி தியேட்டர் விளம்பரம். மேல் பாதியில் நான் விமர்சனம் எழுதுவேன். இப்படி எழுது என்று யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் விளம்பரம் தராத படத்துக்கு அந்தக் கிழமை 'இடம் இல்லை' என்பார்கள். சர்ச்சைப் படங்களுக்குப் பெரும்பாலும் விளம்பரம் இருக்காது, ஏனென்றால் எடுத்தவர்களிடம் காசு இருக்காது. அப்படி எத்தனையோ நல்ல படம் திட்டு வாங்காமலே செத்தது. திட்டி எழுதினால்கூட நாலு பேர் போய்ப் பார்ப்பார்கள். எழுதாமல் விடுவதைத்தான் யாராலும் பிடிக்க முடியாது.

இன்னொரு சாய்வு என்னிடமே இருந்தது. நம் தோட்டத்து வாழ்க்கையைக் காட்டும் படம் என்றால் என் பேனா இளகிவிடும். தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' 1975இல் வந்தபோது, என் அப்பா தோட்டத்து ஆட்களோடு லொறியில் போய்ப் பார்த்தவர். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். பிற்காலத்தில் கொழுந்துக் கூடையையும் லயத்தையும் காட்டிய ஒரு படத்தை, நடிப்பும் திரைக்கதையும் மோசமாக இருந்தும் புகழ்ந்து எழுதினேன். என்னை நம்பிப் பஸ் காசு செலவழித்துப் போய் ஏமாந்த ஒரு அக்கா டவுனில் என்னைப் பிடித்து, "நம்ம படம்னா நல்ல படம்னு எழுதிருவீங்களா தம்பி?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். எதிரான சாய்வை நாம் உடனே கண்டுபிடிக்கிறோம், பாசத்தால் வரும் சாய்வை மன்னித்துவிடுகிறோம். இரண்டும் பார்ப்பவரைத்தான் ஏமாற்றுகிறது.

யூடியூப்காரர்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2024 நவம்பரில் தமிழ்நாட்டுத் தயாரிப்பாளர்கள், முதல் காட்சி முடிந்து வருகிறவர்களிடம் மைக் நீட்டுவதைத் தியேட்டர் வளாகத்தில் அனுமதிக்கக் கூடாது என்று கேட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பார்த்தவன் பேசட்டும். பார்க்காதவன் பேசுவதுதான் பிரச்சினை, அதற்கு மைக்கைப் பிடுங்குவது மருந்தாகாது.

இப்போது உங்கள் கேள்வியில் நீங்கள் கவனிக்காமல் விட்ட இடத்துக்கு வருகிறேன். என் அனுபவத்தில் தியேட்டரின் சாய்வு எல்லாவற்றையும் விடக் காட்சி நேரத்தில்தான் ஒளிந்திருக்கிறது. நம் பக்கத்தில் வழக்கமான நேரம் காலை 10.30, மத்தியானம் 2.30, பின்னேரம் 6.30. வார நாளில் 10.30க்குக் கொழுந்து எடுக்கும் பெண்கள் மலையில் நிற்பார்கள். 6.30 காட்சி முடியும்போது மேல் தோட்டங்களுக்குக் கடைசி பஸ் போய் இரண்டு மணித்தியாலம் ஆகியிருக்கும். த்ரீவீலருக்குக் கொடுக்கும் காசு டிக்கட்டைவிடப் பல மடங்கு. ஆக, தோட்டத்துச் சனம் பார்க்கக்கூடிய காட்சி ஒன்றே ஒன்றுதான், ஞாயிற்றுக்கிழமை 2.30. அதிலும் சம்பளம் வரும் பத்தாம் திகதியை ஒட்டிய ஞாயிறு. அந்த ஒரு காட்சியைப் பெரிய நடிகரின் படத்துக்குக் கொடுத்துவிட்டு, தோட்டத்துத் தொழிலாளியைப் பற்றிய படத்தை இருபதாம் திகதிக்குப் பிறகு 10.30க்கும் 6.30க்கும் போட்டால், போஸ்டர் ஒட்டியிருக்கும், படமும் ஓடும், ஆனால் யாரைப் பற்றிய படமோ அவர்கள் ஒருவர்கூட உள்ளே இருக்க மாட்டார்கள். அப்புறம் 'சனம் வரவில்லை' என்று கணக்கு முடியும். இதை நானே செய்திருக்கிறேன். கெட்ட எண்ணத்தில் இல்லை. பெரிய படம் தரும் விநியோகஸ்தர் ஞாயிறு மேட்னியைக் கேட்பார், அவரை மறுத்தால் தீபாவளிப் படம் கிடைக்காது.

அதனால் ஒரு தியேட்டரில் சாய்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் முதலாளி சொல்வதை விட்டுவிட்டுக் காட்சி நேரத்தை எழுதி வையுங்கள். இரண்டு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சர்ச்சை உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று, முதல் இரண்டு நாள் கூட்டம் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். சர்ச்சை இல்லாததை ஒரு கிழமை ஓட்டிவிட்டு மற்றதை மூன்றாம் நாள் எடுத்தால் அங்கே பணம் காரணமில்லை. அது பயமா வெறுப்பா என்பதை எழுத்தில் கண்டுபிடிக்க முடியாது, ஆளிடம் பேசித்தான் தெரியும். விமர்சனத்துக்கு இதைவிடச் சின்னச் சோதனை போதும். படத்தில் வரும் ஒரு காட்சியையாவது எழுதியவர் குறிப்பாகச் சொல்கிறாரா என்று பாருங்கள். யார் தயாரித்தது, யார் காசு, யார் யாரோடு நின்று போட்டோ எடுத்தார் என்பது மட்டும் இருந்தால் அவர் படத்தைப் பற்றி எழுதவில்லை.

தியேட்டர்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்கு இரண்டு பயம், கல் ஒன்று, காலி நாற்காலி ஒன்று. கல்லுக்கு நீங்கள் பொறுப்பேற்க முடியாது. காலி நாற்காலிக்கு முடியும். உங்கள் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் 80 பேரிடம் முன்கூட்டியே டிக்கட் காசைச் சேர்த்துக்கொண்டு மெனேஜரிடம் போய், ஒரு ஞாயிறு மேட்னி மட்டும் கொடுங்கள் என்று கேளுங்கள். குறைந்தது மூன்று கிழமைக்கு முன்னால் கேளுங்கள். இப்போது படம் பெட்டியில் வருவதில்லை, டிஜிட்டல் கோப்பாக வருகிறது. அதைத் திறக்கும் சாவி குறிப்பிட்ட திகதிகளுக்கு மட்டும்தான் வேலை செய்யும் என்பதால் கடைசி நேரத்தில் மெனேஜர் நினைத்தாலும் மாற்ற முடியாது. படத்தின் நீளத்தையும் கேட்டு வையுங்கள். 2.30க்குத் தொடங்கி இடைவேளையோடு 5.15க்குள் முடிந்தால், கடைசி பஸ்ஸுக்கு எல்லாரும் வந்துவிடலாம். அப்படிக் கேட்டு என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள், தேவையென்றால் நான் வந்து மெனேஜரோடு பேசுகிறேன்.